ஹோம்ப்ரூ கானுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ஆவணம், செலவு, நாள்கணக்கு

வீட்டில் பீர் செய்கிறவர்களுக்காக அமெரிக்க ஹோம்ப்ரூவர்கள் சங்கம் நடத்தும் தேசிய மாநாடுதான் ஹோம்ப்ரூ கான். ஒஹையோவின் கொலம்பஸில் வசிக்கும் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2022 ஜூனில் பிட்ஸ்பர்குக்குக் காரில் போனேன், மூன்று மணி நேர ஓட்டம். 2023 ஜூனில் சான் டியேகோவுக்கு விமானத்தில் போனேன். முதல் பயணத்தில் பணமும் வீணானது, நான்கு மாத உழைப்பில் உருவான பீரும் வீணானது. எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. அமெரிக்காவில் ஒரு குடும்பத்தில் வயது வந்தவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் பீர் வரியில்லாமல் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. போட்டிக்கும் கண்காட்சிக்கும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லலாம், அதில் மாநிலச் சட்டம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் மாநாட்டைப் பார்க்க வரலாம், பீரை மட்டும் அங்கே செய்து கொண்டுவர நினைக்காதீர்கள்.

1. தேதியும் இடமும் உறுதியான பிறகே மற்றதெல்லாம்

இந்த மாநாடு ஒரே ஊரில் நடப்பதில்லை. 2019இல் பிராவிடன்ஸ், 2022இல் பிட்ஸ்பர்க், 2023இல் சான் டியேகோ. நெடுங்காலம் ஜூனில்தான் நடந்தது. 2024இல் அக்டோபருக்குத் தள்ளி, டென்வரில் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலோடு சேர்த்துவிட்டார்கள். "எப்போதும் ஜூன்தானே" என்று அலுவலகத்தில் முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்த நண்பர் ஒருவர் அந்த ஆண்டு வரவே முடியவில்லை. சங்கத்தின் அறிவிப்பு வந்த பிறகு விடுப்பு கேளுங்கள், அப்புறம் அறை, அப்புறம் விமான டிக்கெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

டிக்கெட் வாங்கச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவருக்கு விற்கும் டிக்கெட்டில் சந்தா சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் இரண்டையும் தனித்தனியாகக் கட்டிவிட்டேன், ஒன்றைத் திரும்பப் பெற மூன்று வாரம் மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. டிக்கெட்டை ரத்து செய்தால் எந்தத் தேதி வரை பணம் திரும்பும் என்பதையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.

2. ஆவணங்கள்

21 வயது நிரம்பாத யாருக்கும் உள்ளே இடமில்லை. கைக்குழந்தையாக இருந்தாலும் அப்படித்தான். குழந்தைகளோடு குடும்பமாகப் போவதாக இருந்தால், கணவன் மனைவி இருவரில் ஒருவர் வெளியே இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாசலில் பிறந்த தேதியும் படமும் உள்ள அரசு அடையாள அட்டை கேட்பார்கள். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். அது இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டை அசலாகக் கொண்டுபோக வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம், ஆதார், பாஸ்போர்ட்டின் நகல், கைப்பேசியில் உள்ள படம் இவற்றை நம்பிப் போகாதீர்கள். விசாவில் இருப்பவர்கள் ஐ-94 என்ற நாட்டு நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதி ஒன்றையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருகிறவர்களுக்குச் சுற்றுலா விசா, அதாவது பி1/பி2, வேண்டும். டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டாலர் கட்டணம் செலுத்தி, தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் வாங்க வேண்டும். நாள் கிடைக்கப் பல மாதம் ஆகலாம். மாநாட்டு டிக்கெட் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடாது, விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பவும் வராது. ஆகவே விசா கைக்கு வராமல் திருப்பித் தராத அறையோ விமான டிக்கெட்டோ வாங்காதீர்கள். சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதி போதும்.

3. செலவு

பிட்ஸ்பர்க் பயணத்தில் எனக்கு 900 டாலருக்குக் கொஞ்சம் மேல் ஆனது. அதில் பெரும்பகுதி டிக்கெட்டும், இன்னொருவரோடு பகிர்ந்த மூன்று இரவு அறையும்தான். சான் டியேகோவுக்கு விமானம் சேர்ந்ததால் 1,500 டாலரைத் தொட்டது. அறையைப் பகிராமல் இருந்தால் இன்னும் ஏறும்.

மாநாட்டுக்காரர்கள் சில ஓட்டல்களோடு பேசி, சலுகை வாடகையில் அறைகளை ஒதுக்கி வைப்பார்கள். டிக்கெட் விற்பனை தொடங்கிய சில நாளிலேயே நல்ல ஓட்டலில் அந்த அறைகள் தீர்ந்துவிடும். முதல்முறை நான் தாமதித்ததால் மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் அறை கிடைத்தது. 20 டாலர் மிச்சம் என்று அப்போது ஆறுதல்பட்டேன். இரவில் டாக்சிக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்த்தால் அந்த மிச்சம் முதல் நாளே போய்விட்டது. நடந்து போகும் தூரத்தில் அறை இருக்கட்டும். இதில் சிக்கனம் வேண்டாம், காரணத்தை எட்டாம் படியில் சொல்கிறேன்.

காட்டும் வாடகைக்கு மேல் வரி தனி. சேர்ந்த அன்று கார்டில் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாளாகும். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் கணக்கிலேயே முடங்கிவிடும். கிரெடிட் கார்டு கொடுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு மண்டபத்துக்குள் பெரும்பாலும் சீஸ், ரொட்டி, உருளைக்கிழங்குதான் கிடைக்கும். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம், முதல் நாள் முழுக்க அதுதான். மற்ற நாளுக்கு அறையில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டுத் தயிர் வாங்கி வைத்தோம். வெறும் வயிற்றோடு மாலை நிகழ்ச்சிக்குள் நுழைய வேண்டாம்.

4. பீரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

வெறுங்கையோடும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் செய்த பீர் ஆறு பாட்டிலாவது கையில் இருந்தால் அந்த மூன்று நாளின் மதிப்பே வேறு. நூறு விதமான பீரைச் சுவைப்பதை விட, உங்கள் பீரை விஷயம் தெரிந்த ஒருவர் மூக்கருகே கொண்டுபோய் "இதில் இது குறைகிறது" என்று சொல்லும் ஒரு நிமிடம் பெரிது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம் என்று நான் நினைக்கிறேன்.

மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாட்டிலில் சர்க்கரை சேர்த்து வாயு ஏற்றுகிறவர்களுக்கு, மூடி அடித்த பிறகு அறை வெப்பத்தில் இரண்டிலிருந்து மூன்று வாரம் வேண்டும். அதற்கு மேல் குளிரில் ஒரு வாரம். நொதிப்புக்கு இரண்டு மூன்று வாரம். சாதாரண ஏல் வகைக்கு மொத்தம் ஏழெட்டு வாரம் என்று வையுங்கள், லாகர் என்றால் மூன்று மாதம். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகையை ரொம்ப முன்னால் செய்தால் மணம் மங்கிவிடும். கெக்கில், அதாவது பீர் நிரப்பும் உலோகப் பீப்பாயில், வாயு ஏற்ற வசதி உள்ளவர்கள் அதைக் கடைசி ஐந்து வாரத்தில் முடிக்கலாம்.

நாள் நெருங்குகிறதே என்று அவசரப்பட்டு மூடி அடிப்பது பெரிய ஆபத்து. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டினால்தான் நொதிப்பு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன் அடைத்த பாட்டில், ஜூன் வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் வெடிக்கும். கண்ணாடிச் சிதறல் விளையாட்டு இல்லை. 19 லிட்டருக்கு 110 முதல் 140 கிராம் வரை சோளச் சர்க்கரை போதும், எடை பார்த்துப் போடுங்கள், கரண்டியால் அளக்காதீர்கள்.

அவசரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பிட்ஸ்பர்குக்கு நான் கொண்டுபோன கோல்ஷ் வகை பீரை ஒரு பெரியவர் ஒரு முறை முகர்ந்தார், "வெண்ணெய்" என்றார். டயாசிடைல், அதாவது நொதிப்பின்போது உண்டாகும் வெண்ணெய் மணப்பொருள். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் நான் பீரைக் குளிரில் வைத்துவிட்டதன் விளைவு. எனக்கு அதுவரை அந்த மணம் தெரியவே இல்லை, அவர் சொன்ன பிறகு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. குளிரில் வைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனையை அவரே சொல்லிக் கொடுத்தார். இரண்டு கிளாஸில் கொஞ்சம் பீர் எடுத்து மூடுங்கள். ஒன்றை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள நீரில் 20 நிமிடம் வையுங்கள், பிறகு ஆறவிட்டு இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடேற்றியதில் வெண்ணெய் மணம் வந்தால் பீர் இன்னும் தயாராகவில்லை. ஈஸ்டோடு சேர்த்து 18 முதல் 20 டிகிரியில் மேலும் இரண்டு மூன்று நாள் விட்டு, திரும்பச் சோதியுங்கள். அன்றிலிருந்து இந்தச் சோதனை செய்யாமல் நான் ஒரு பீரையும் குளிரில் வைத்ததில்லை.

5. போட்டிக்கும் அனுப்புவதாக இருந்தால்

மாநாட்டை ஒட்டி நடக்கும் தேசிய ஹோம்ப்ரூ போட்டிக்குப் பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும். மாநாட்டு டிக்கெட் வாங்கியதும் போட்டியிலும் சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள், இரண்டும் தனித்தனி. என் யோசனை, முதல் ஆண்டு தேசியப் போட்டி வேண்டாம். உங்கள் ஊரில் ஏதாவது கிளப் நடத்தும் சிறு போட்டிக்கு அனுப்புங்கள். ஒரு பீருக்குப் பத்து டாலர் அளவில்தான் கட்டணம் இருக்கும், அதே படிவம், அதே மதிப்பெண் முறை.

மதிப்பெண் 50க்கு. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த எண்ணத்துக்கு 10. பிஜேசிபி என்ற நடுவர் சான்றிதழ் அமைப்பு ஒவ்வொரு பீர் வகைக்கும் இலக்கணம் வகுத்திருக்கிறது. நடுவர்கள் அதை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். பீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தவறான பிரிவில் சேர்த்தால் மதிப்பெண் கிடைக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து அம்மா அனுப்பிய கருப்பட்டி போட்டு போர்ட்டர் என்ற கருநிற பீர் ஒன்று செய்து, போர்ட்டர் பிரிவிலேயே சேர்த்தேன். 24 மதிப்பெண். "புகை மணம் வருகிறது, கிருமி கலந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். கருப்பட்டியின் இயல்பான வாசனை அது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை அதே பீரை 31பி, அதாவது மாற்றுச் சர்க்கரை சேர்த்த பீர் என்ற பிரிவில் சேர்த்தேன். விளக்கக் கட்டத்தில் "அடிப்படை வகை போர்ட்டர்; பனைமரத்தின் பதநீரைக் காய்ச்சிய, சுத்திகரிக்காத சர்க்கரை; லேசான புகையும் கேரமலும் எதிர்பார்க்கலாம்" என்று எழுதினேன். 36 வந்தது. நம்மூர்ப் பொருள் எதைச் சேர்த்தாலும், பெயரை மட்டும் எழுதி விடாமல் அது எப்படிச் சுவைக்கும் என்பதையும் எழுதுங்கள். சுக்கு, ஏலம் போன்றவை சேர்த்தால் பிரிவு மாறும், இலக்கணத்தில் 30ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாட்டிலில் எந்த எழுத்தும் குறியும் இருக்கக் கூடாது, மூடியிலும்தான். பழைய கம்பெனி லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். போட்டிக்காரர்கள் தரும் சீட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் போதும், பசை போட்டு ஒட்டாதீர்கள்.

6. பாட்டிலை எப்படிக் கொண்டுபோவது

அமெரிக்க அஞ்சல் துறை வழியாக மது அனுப்புவது சட்டப்படி குற்றம். பெரிய கூரியர் நிறுவனங்கள் உரிமம் பெற்ற வணிகர்களிடமிருந்து மட்டுமே வாங்கிக்கொள்ளும். "ஈஸ்ட் மாதிரி என்று எழுதி அனுப்பிவிடு" என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். விசாவில் இருக்கும் ஒருவர் பொய் அறிவிப்பில் கையெழுத்துப் போடவே கூடாது.

காரில் கொண்டுபோவது எளிது. ஐஸ் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, நிழலில் வண்டியை நிறுத்துங்கள்.

விமானத்தில் 24 சதவீதத்துக்கு உட்பட்ட மதுவுக்குச் சரக்குப் பையில் விமான நிலையப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ அளவுக் கட்டுப்பாடு வைக்கவில்லை, நாம் வீட்டில் செய்யும் பீர் இதில் அடங்கும். கைப்பைக்குள் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். உண்மையான வரம்பு எடைதான்: பெரும்பாலான விமானங்களில் பெட்டிக்கு 23 கிலோ. 355 மில்லி பாட்டில் ஒன்று பீரோடு அரைக் கிலோவைத் தாண்டும், டஜன் ஏறக்குறைய ஏழு கிலோ. ஒவ்வொரு பாட்டிலையும் ஜிப் பைக்குள் போட்டு, காற்றுக்குமிழ் தாளில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள், பெட்டியின் ஓரத்தைத் தொட வேண்டாம். உலோக மூடி அடித்த பாட்டில்தான் வேண்டும். திருகு மூடி போட்ட பெரிய ஜாடி கசியும்.

கெக் கொண்டுபோக நினைப்பவர்கள் வாயு உருளையைப் பற்றி யோசியுங்கள். வால்வை முழுக்கக் கழற்றி, உள்ளே காலி என்று கண்ணால் பார்க்கும்படி இருந்தால்தான் விமானத்தில் அனுமதி. போகிற ஊரிலேயே வாடகைக்கு எடுப்பது நல்லது.

7. மூன்று நாளும் என்ன செய்வது

காலையிலிருந்து கருத்தரங்குகள். ஜான் பாமர், ராண்டி மோஷர் போல இந்தத் துறையில் எல்லாரும் அறிந்தவர்கள் பல ஆண்டுகள் இங்கே பேசியிருக்கிறார்கள். புதிதாகப் போகிறவர்கள் ஒன்றையும் விடக் கூடாது என்று அறைக்கு அறை ஓடுவார்கள், நானும் ஓடினேன். பல உரைகளின் பதிவும் படங்களும் பிறகு உறுப்பினர்களுக்குக் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டைத் தேர்ந்தெடுத்து உட்காருங்கள், அதிலும் கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றுகிற உரையாகப் பாருங்கள்.

மிச்ச நேரத்தில், போட்டி நடக்கும் இடத்தில் உதவியாளராகச் சேர முடிகிறதா என்று பாருங்கள். முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். தேர்வு எதுவும் எழுத வேண்டியதில்லை. நடுவர் மேசைக்குப் பாட்டில் கொண்டுபோவது, மதிப்பெண் கூட்டல் சரியா என்று பார்ப்பது, கிளாஸ் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. மூன்று மணி நேரம் நடுவர்கள் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். ஒரே வகையில் எட்டு பீர் வரிசையாக வரும்போது எது ஏன் தள்ளப்படுகிறது என்று தெரிவது போல வேறெங்கும் தெரியாது. அன்று காலை சென்ட் பூசாதீர்கள், நடுவர்களின் மூக்குக்கு அது இடைஞ்சல்.

ஒரு மாலை கிளப் நைட். நாடு முழுவதிலும் இருந்து வந்த கிளப்புகள் ஆளுக்கொரு கடை போல அலங்காரம் செய்து, வேஷம் கட்டி, தங்கள் பீரை ஊற்றுவார்கள். நம்மூர் திருவிழாப் போல இருக்கும். தனி ஆளாக நீங்கள் கடை போட முடியாது, ஊரில் ஒரு கிளப்பில் சேர்ந்திருந்தால் அவர்களோடு நின்று ஊற்றலாம். கிளப்பில் சேருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகவும்தான். முதல் கூட்டத்துக்குப் போகத் தயங்கி ஒரு வருடம் இழுத்தடித்தேன், போனபோது கருப்பட்டி என்றால் என்ன என்று கேட்டு முக்கால் மணி நேரம் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் பாட்டிலை யாரிடமாவது நீட்டும்போது "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "நடுவராக இருந்தால் எங்கே மதிப்பெண் குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும். உடனே கைப்பேசியில் எழுதிவிடுங்கள், மறுநாள் நினைவில் நிற்காது.

8. வண்டிச் சாவி

ஒரு சுவைக் கிளாஸில் 60 மில்லிதான் ஊற்றுவார்கள். 20 கிளாஸ் என்றால் 1,200 மில்லி, அதாவது மூன்று பாட்டிலுக்கு மேல். அதில் எட்டு, பத்து சதவீத வகைகளும் இருக்கும். ஒவ்வொரு கடையிலும் ஊற்றிவிட ஒரு வாளி வைத்திருப்பார்கள். ஒரு மிடறு சுவைத்துவிட்டு மிச்சத்தை அதில் ஊற்றலாம், எவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கிளாஸ் பீருக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள்.

காரைத் தொடாதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் ரத்தத்தில் 0.08 சதவீதம்தான் எல்லை, யூட்டாவில் 0.05. எச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருப்பவர்களுக்கு இது அபராதத்தோடு முடியாது. குடித்து ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டாலே, வழக்கில் தண்டனை வராவிட்டாலும், வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். அப்புறம் ஊருக்குப் போனால் புதிய விசாவுக்கு மருத்துவப் பரிசோதனையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டு, தந்தையின் காரியத்துக்குப் போக முடியாமல் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். பிட்ஸ்பர்கில் நகர மையத்துக்குள் 'டி' என்ற நகர ரயில் இலவசம். சான் டியேகோவில் மாநாட்டு ஓட்டலிலிருந்து ஃபேஷன் வேலி டிராலி நிலையத்துக்கு நடந்தே போகலாம். நீங்கள் போகிற ஊரில் இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

9. கிளம்பும் நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாள் இரவு விருது வழங்கும் நிகழ்ச்சி முடிய நேரமாகும். அன்றிரவே திரும்ப விமானம் போடாதீர்கள், காரில் வந்தவர்களும் மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். முந்தின இரவின் மிச்சம் காலையிலும் உடம்பில் இருக்கும்.

காலிப் பாட்டில்களை விட்டுவிட்டு, பெட்டியில் கிடைத்த இடத்தில் கண்காட்சியில் தரும் ஹாப்ஸ், ஈஸ்ட் மாதிரிகளை வையுங்கள். திரவ ஈஸ்டை ஐஸ் பையோடு வைத்து, வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜுக்குள் மாற்றிவிடுங்கள். போட்டிக்கு அனுப்பியிருந்தால் மதிப்பெண் தாள் வரச் சில வாரம் ஆகலாம். அது வரும் வரை அந்தப் பீரில் இரண்டு பாட்டிலைத் திறக்காமல் குளிரில் வைத்திருங்கள். தாளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நடுவர் எழுதியதை ஒவ்வொன்றாக உங்கள் நாக்கில் தேடிப் பார்க்க அந்த இரண்டு பாட்டில் வேண்டும்.